நடந்து போகும் தூரத்தில் ஒரு சர்வதேச மெட்ச்

பந்தை உதைக்கிற சத்தம் கேட்கும். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் உட்கார்ந்தால், பூட்ஸ் பந்தில் படுகிற அந்த ‘தொப்’ நம் காதுக்கே வருகிறது. கோல்காப்பாளர் தன் பின்வரிசைக்காரரைக் கத்திக் கூப்பிடுவது கேட்கிறது. ஒருவர் சறுக்கிப் பந்தைப் பறிக்கும்போது புல் பிய்ந்து பறப்பது தெரிகிறது. எத்தனையோ வருடம் இரவிரவாகத் தொலைக்காட்சிக்கு முன்னால் விழித்திருந்து உதைபந்தாட்டம் பார்த்தவள் நான். இந்தச் சத்தத்தை எந்தத் தொலைக்காட்சியும் எனக்குத் தந்ததில்லை.

2025 ஜூன் 10, பொசன் போயா. ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் இலங்கை சீன தைப்பேயைச் சந்தித்த நாள். லண்டனிலிருந்து தம்பி மகளோடு வந்திருந்தான். நான், என் மகன், தம்பி, அவன் மகள் என்று நாலு பேரும் மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு பம்பலப்பிட்டியிலிருந்து நடந்தே வெளிக்கிட்டோம். காலி வீதியைக் கடந்து புல்லர்ஸ் வீதியில் ஏறி, தும்முல்லைச் சந்தி தாண்டி, ரீட் அவெனியூ மர நிழலில் ஒரு நடை. வழியெல்லாம் பொசன் கூடுகள். ஒரு தன்சலில் பிள்ளைகளுக்குப் பெலிமல் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள். கப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் நடந்தோம். சர்வதேசப் போட்டி ஒன்றைப் பார்க்க, செருப்போடு, வீட்டிலிருந்து நடந்து போவது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று எனக்கு அன்றைக்குத் தம்பியின் முகத்தைப் பார்த்துத்தான் முழுதாக விளங்கியது.

அவன் மான்செஸ்டர் யுனைடெட் பைத்தியம். சின்ன வயதில் பம்பலப்பிட்டி ஒழுங்கையில் தும்புத்தடியை ஊன்றிக் கோல் கம்பமாக்கி விளையாடிய காலத்திலிருந்தே அப்படித்தான். நுழைவாயிலில் நான் டிக்கட் எடுத்தேன். நாலு டிக்கட்டுக்கும் சேர்த்து ஒரு பெரிய பீட்சாவின் விலை வரவில்லை.

“அக்கா, இவ்வளவுதானா? நாலு பேருக்குமா?”

“நாலு பேருக்கும்தான். ஏன்?”

“அங்க எனக்கு ஒரு ஆளுக்கு 66 பவுண்.”

அவன் சொன்னது உண்மை. 2024 நவம்பரில் ஓல்ட் டிராஃபோர்டில், அந்தப் பருவத்தில் மீதமிருந்த போட்டிகளுக்கு ஒரே விலையாக 66 பவுண் என்று வைத்தார்கள். சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் இருந்த சலுகையும் அதில் அடிபட்டுப் போனது. நம் காசுக்குக் கணக்குப் பார்த்தால் ஒரு கதிரைக்கு ஏறத்தாழ 25,000 ரூபாய். தகப்பனும் மகளும் போக 50,000. ரயில், சாப்பாடு எல்லாம் வேறு. அவன் மகள் தன் அபிமான அணியை இன்னும் ஒருமுறைகூட மைதானத்தில் பார்த்ததில்லை. அவள் வாழ்க்கையில் பார்த்த முதலாவது சர்வதேசப் போட்டி, தகப்பன் பிறந்த ஊரில், தகப்பனுடைய நாட்டு அணியின் போட்டி. இதை எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

டிக்கட் விலை என்பது வெறும் காசு விஷயமில்லை என்று இங்கிலாந்து ரசிகர்களே ஒருமுறை காட்டியிருக்கிறார்கள். 2016 பெப்ரவரி 6, லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானம். புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த பிரதான அரங்கில் அதிகூடிய டிக்கட் விலை 77 பவுண் ஆகப்போகிறது என்று அறிவித்திருந்தார்கள். சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் எழும்பி வெளியே நடந்தார்கள். அப்போது லிவர்பூல் 2-0 என்று முன்னணியில் இருந்தது. சனம் போனபின் சண்டர்லாந்து இரண்டு கோல் போட்டு ஆட்டத்தைச் சமப்படுத்தியது. சில நாட்களுக்குள் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையை மீளப் பெற்றார்கள். தம்பி இந்தக் கதையை மூச்சு விடாமல் என் மகனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். லிவர்பூல்காரரை அவனுக்குக் கண்ணிலும் காட்டக் கூடாது. அன்றைக்கு மட்டும் அவர்களை வாயாரப் புகழ்ந்தான்.

இனி மைதானம். ரேஸ்கோர்ஸ் என்ற பெயருக்கேற்ப அது குதிரைப் பந்தயத் திடல்தான். 1893 முதல் அங்கே பந்தயம் ஓடியது. இரண்டாம் உலகப் போரில் அதையே விமான ஓடுபாதை ஆக்கினார்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மீது குண்டு போட வந்தபோது, அவர்கள் அறியாத இந்தத் திடலிலிருந்தும் பிரிட்டிஷ் ஹரிக்கேன் விமானங்கள் மேலெழும்பின. பந்தயங்கள் நின்றபின் நெடுங்காலம் பாழ்பட்டுக் கிடந்தது. எங்கள் பள்ளிக்கூட நாட்களில் அந்தப் பக்கம் போனால், பெயின்ட் உரிந்த பழைய பந்தய மேடையைப் பார்த்து, இது எந்த நாளும் விழலாம் என்றுதான் நினைப்போம்.

விழவில்லை. இடிக்கவுமில்லை. 2010களின் தொடக்கத்தில் அந்த மேடையைச் சுத்தப்படுத்தி, பழைய முகம் மாறாமல் திருத்தி, உள்ளே கடைகளும் உணவகங்களும் வைத்தார்கள். திடலை றக்பிக்கென்று சர்வதேசத் தரத்தில் ஆக்கினார்கள். உதைபந்தாட்டம் அங்கே பிறகுதான் குடிவந்தது. லண்டனிலோ, வெம்பிளி அரங்கின் இரட்டைக் கோபுரங்களை 2003இல் இடித்துவிட்டுத்தான் 90,000 கதிரைகளோடு புதியதைக் கட்டினார்கள். பிரமாண்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் பழைய கட்டடத்தை விட்டுவைத்து அதற்கு முன்னாலேயே புதுப் புல் விரித்த நம்முடைய திருத்தத்தைத்தான் நான் மேலென்பேன். ரேஸ்கோர்ஸில் உட்கார்ந்து அந்தப் பழைய மேடையின் மீது மாலை வெயில் விழுவதைப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும். எவ்வளவு வடிவு!

இன்னொன்று: அங்கே தடகள ஓடுபாதை இல்லை. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். சுகததாச அரங்கில் ஒருமுறை இருந்து பார்த்தவருக்கு இது எவ்வளவு பெரியது என்று தெரியும்.

சுகததாசவை நான் குறை சொல்லவில்லை. என்னை உதைபந்தாட்டத்துக்குள் தள்ளிவிட்டதே அந்த அரங்குதான். 1995, எனக்குப் பதினொரு வயது. கொட்டாஞ்சேனைப் பெரியப்பா தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதிப்போட்டிக்குக் கூட்டிப்போனார். பம்பலப்பிட்டியில் 155 பஸ்ஸில் ஏறி, மருதானையெல்லாம் சுற்றிக் கொட்டாஞ்சேனையில் இறங்கி, அவர் வீட்டில் பிளேன்டீ குடித்துவிட்டு அங்கிருந்து நடை. எதிரணி இந்தியா. தொண்ணூறு நிமிடம் முடிந்தும் கோல் இல்லை. மேலதிக நேரத்தில் முதலில் கோல் போடுகிறவர் வென்றார் என்ற விதி. இலங்கை போட்டது. 1-0. தெற்காசியாவில் நாம் வென்ற ஒரே கிண்ணம் இன்றுவரை அதுதான். ஆனால் அந்தக் கோலை நான் பார்த்தேனா என்று கேட்டால், ஓடுபாதைக்கு அப்பால், பெரியவர்களின் தோள்களுக்கு மேலால், வெள்ளைப் புள்ளி ஒன்று வலைக்குள் போனதைப் பார்த்தேன். பெரியப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்தபோது எல்லோரும் எல்லோரையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

முப்பது வருடம் கழித்து ரேஸ்கோர்ஸில் பந்தின் தையலே தெரிகிற தூரத்தில் இருந்தேன்.

பிறகு அந்தச் சனம். கொம்பனித்தெருவிலிருந்து, கிராண்ட்பாஸிலிருந்து, கொட்டாஞ்சேனையிலிருந்து, வெள்ளவத்தையிலிருந்து வந்தவர்கள். எனக்கு முன்வரிசையில் மூன்று தலைமுறை ஒன்றாய் இருந்த ஒரு முஸ்லிம் குடும்பம். பேரன் கையில் தேசியக் கொடி, பாட்டனார் கையில் கச்சான் சரை. பக்கத்தில் சிங்களப் பெடியன்களின் கூட்டம், அவர்களோடு ஒரு பப்பரே குழு. ட்ரம்பெட்டும் மேளமும் ஒருமுறை தொடங்கினால் காலைச் சும்மா வைத்திருக்க முடியாது. லண்டன் பிள்ளைக்குப் பப்பரே என்றால் என்னவென்றே தெரியாது. பத்து நிமிடத்தில் கதிரை மேலே ஏறி நின்று ஆடினாள். பின்னாலிருந்தவர் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவர் அவளுக்குக் கொடியே கொடுத்தார். நடுவர் ஒரு பிழையான விசில் ஊதியபோது மூன்று மொழியிலும் வசவு விழுந்தது. தமிழ் வசவு எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்த்தால், தம்பிதான்!

ஆட்டம் 3-1. நாங்கள் வென்றோம். மூன்று தடவை எழும்பிக் கத்தினோம், ஒரு தடவை வாயடைத்து இருந்தோம். கோல்களை வரிசையாக விவரிக்க என்னால் முடியாது. ஒவ்வொரு கோலுக்கும் பிறகு யார் யாரைக் கட்டிப்பிடித்தேன் என்பதுதான் ஞாபகம் இருக்கிறது. உலகத் தரவரிசையில் 200க்கும் கீழே கிடந்த அணி இது. 2023 ஜனவரியில் ஃபிஃபா நம் சங்கத்தை இடைநிறுத்தியது; அந்த ஆகஸ்ட் வரை சர்வதேச ஆட்டமே இல்லை. அந்த நிலையிலிருந்து எழும்பி, 2024 செப்டெம்பரில் கம்போடியாவை அவர்கள் மண்ணிலேயே பெனால்டியில் வென்று இந்தத் தகுதிகாண் சுற்றுக்குள் நுழைந்தது.

இதே ரேஸ்கோர்ஸில் 2021 நவம்பரில் நடந்த நாலு நாட்டுத் தொடரை மறக்க முடியுமா? மாலைதீவுடன் 4-4. நம் நாலு கோலையும் போட்டவர் ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த வசீம் ராசீக். சீஷெல்ஸுடனான இறுதிப் போட்டியும் 3-3 வரை போய்ப் பெனால்டியில்தான் கைநழுவியது. அதற்குப் பின் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, ஐரோப்பா என்று பல திசைகளிலிருந்தும் இலங்கை வேர் கொண்ட பெடியன்கள் வந்து இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டார்கள். சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகனின் பெயரை அணிப் பட்டியலில் முதன்முதலாகப் பார்த்த அன்று, அதைப் படம் பிடித்துக் குடும்பத்தில் எல்லோருக்கும் அனுப்பினேன். புலம்பெயர்ந்து போன வீடுகளின் பிள்ளைகள் திரும்பி வந்து, நாங்கள் நடந்து போகிற தூரத்தில் ஆடுகிறார்கள்!

யாழ்ப்பாணத்திலும் ஒரு மைதானம் இப்படித் திரும்பி வந்திருக்கிறது. 1975இல் சுட்டுக்கொல்லப்பட்ட மேயர் அல்பிரட் துரையப்பாவின் பெயர் தாங்கிய அரங்கு. யுத்தம் அதையும் விடவில்லை; 1999இல் திருத்த வேலைக்காகத் தோண்டியபோது அங்கே மனித எலும்புக்கூடுகள் வந்தன. பிறகு இந்திய அரசின் உதவியோடு, 7 கோடி இந்திய ரூபாய்க்கு மேல் செலவில், 1,850 பேர் உட்காரக்கூடியதாகப் புதுப்பித்து 2016 ஜூன் 18 அன்று திறந்தார்கள். அம்மாவின் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு பின்னேரமாவது அங்கே போய் உட்காருவேன். பள்ளிக்கூடப் பெடியன்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். அந்த மண்ணில் பந்து உருள்வதைப் பார்ப்பதே போதும்.

அதே தகுதிகாண் சுற்றில், 2025 ஒக்டோபரில் துர்க்மெனிஸ்தானும் ரேஸ்கோர்ஸுக்கு வந்தது. 1-0, திரும்பவும் வென்றோம். தம்பி லண்டனில் வேலைக்கிடையில் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி விசில் ஊதியதும் அவன் எடுத்த அழைப்பில் முதலில் கேட்டது அவன் குரல் அல்ல, மகளின் குரல்: “மாமி, பப்பரே சத்தத்தைக் கேக்க வையுங்கோ!” கைபேசியை அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இந்த அணியை நடத்துகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெற்றி கூடக் கூட டிக்கட் விலையைக் கூட்டும் ஆசை வரும். தயவுசெய்து கூட்டாதீர்கள். கிராண்ட்பாஸ் தகப்பன் ஒருவர் மூன்று பிள்ளைகளையும் கூட்டிவர முடிகிற விலையாகவே அது இருக்கட்டும். வாசிக்கிற உங்களிடமும் ஒன்று: வெள்ளவத்தையில், பம்பலப்பிட்டியில், கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு விடிய விடிய இங்கிலாந்து ஆட்டம் பார்க்கிறவர்களே, அடுத்த முறை இலங்கை கொழும்பில் ஆடும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பப்பரேக்காரருக்கு இடப்பக்கம்தான் நாங்கள் இருப்போம்.