வகை, பிரச்சினை, தீர்வு: ஒரு விலைப்பட்டியலை வாசித்தல்

அழகு நிலையங்களில் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் விலைப்பட்டியலை யாரும் ஒரு பிரதியாக வாசிப்பதில்லை. கண் நேராகத் தொகைக்குப் போய்விடுகிறது. இந்தக் கட்டுரையில் அதை ஒரு கதையையோ விளம்பரத்தையோ வாசிப்பதுபோல வாசித்துப் பார்க்க விரும்புகிறேன். பெண்கள் தங்கள் முடியைப் பற்றி என்ன நினைக்க வேண்டும் என்பதை இன்று பாடப்புத்தகங்களையும் கவிதைகளையும்விட அதிகமாகச் சொல்லிக்கொடுப்பது இந்த ஒற்றைத் தாள்தான்.

பட்டியலின் இலக்கணம் எளிமையானது. முதலில் வகை: நேர்முடி, அலைமுடி, சுருள்முடி. அடுத்து பிரச்சினை: வறட்சி, 'ஃப்ரிஸ்', அடங்காமை, உதிர்வு, நரை. கடைசியில் தீர்வு: ஸ்மூத்தனிங், ரீபாண்டிங், கெரட்டின், ஹேர் போடாக்ஸ், நானோபிளாஸ்டியா. தோள்வரை ஒரு விலை, இடுப்புவரை இன்னொரு விலை. 'உங்கள் முடிக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள்' என்று மேலே எழுதியிருக்கும். தேர்வு என்ற சொல் பெண்ணியத்துக்கு நெருக்கமான சொல் என்பதால் நமக்கும் அது இனிப்பாகவே கேட்கிறது.

ஆனால் வரிசைகளைக் குறுக்காக வாசித்தால் வேறொன்று தெரியும். சுருள்முடிக்குச் சொல்லப்படும் சிகிச்சைகளின் முடிவு நேர்முடி. அலைமுடிக்கும் அதே முடிவு. நேர்முடிக்காரிக்குச் சுருட்டிவிடுவது அலங்காரம் என்ற பகுதியில், கல்யாண மேக்கப்புக்குப் பக்கத்தில் இருக்கும். அதை யாரும் 'சிகிச்சை' என்று சொல்வதில்லை. ஆக, முதல் கட்டத்தில் 'சுருள்' என்று குறித்தவுடனேயே இரண்டாவது கட்டமும் தானாக நிரம்பிவிடுகிறது. வகையே நோயாகிவிடுகிறது.

இந்த வகைப்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. முடியை 1 முதல் 4 வரை எண்ணிட்டு, 2ஏ, 3பி, 4ஏ என்று உட்பிரிவு சொல்லும் முறையை 1990களில் பரப்பியவர் ஓப்ரா வின்ஃப்ரேயின் முடி ஒப்பனையாளரான ஆண்ட்ரே வாக்கர். 1 நேர்முடி, 4 கறுப்பினத்தவரின் நெருங்கிச் சுருண்ட முடி. பார்வைக்கு இது நடுநிலையான எண் வரிசை. ஆனால் பின்னாளில் ஒரு பேட்டியில், இயற்கையான அமைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பொதுவாகச் சொன்ன அவர், நான்காம் வகைக்கு மட்டும் ரசாயனத்தால் தளர்த்துவதைப் பரிந்துரைத்தார். அந்த வகையில் செய்யக்கூடிய அலங்காரங்கள் குறைவு என்பது அவர் சொன்ன காரணம். கறுப்பினப் பெண்கள் அதற்குக் கடுமையாக எதிர்வினையாற்றினார்கள். எண்கள் ஏணியாக மாறுவதற்கு ஒரு வாக்கியம் போதும் என்பதற்கு இது சான்று. இன்று நம் ஊர் மாணவிகள் தங்களை '3ஏ' என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது அந்த ஏணியும் கூடவே வந்துவிடுகிறது.

தமிழில் முடியை வகைப்படுத்தியதே இல்லையா? உண்டு. கூந்தலுக்கு 'ஐம்பால்' என்ற பெயர் இருக்கிறது. ஐந்து விதமாக முடிக்கப்படுவது என்று பொருள். அது முடியை என்ன செய்யலாம் என்பதன் கணக்கு. முடியில் என்ன குறை என்பதன் கணக்கு இல்லை. சங்கப் பாடல்களில் பெண்ணின் கூந்தலுக்குத் திரும்பத் திரும்ப வரும் உவமை 'அறல்'. ஆற்றில் நீர் வடிந்த இடத்தில் வரிவரியாக நெளிந்து கிடக்கும் கருமணல் அது. அதாவது, இன்றைய பட்டியல் ஸ்மூத்தனிங் செய்யச் சொல்லும் நெளிமுடிதான் அன்று அழகின் அளவுகோல்.

இதைச் சொல்லிப் பழம்பெருமை பேச நான் விரும்பவில்லை. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டியனின் அவையில் நடந்ததாகச் சொல்லப்படும் வாதத்தை 1965இல் வந்த திருவிளையாடல் படம் வழியாக எல்லாரும் அறிவோம். அரசன் ஐயப்படுகிறான், இறைவன் பாட்டெழுதித் தருகிறான், புலவன் குற்றம் சொல்கிறான், நெற்றிக்கண்ணும் திறக்கிறது. இத்தனைக்கும் நடுவில், அந்தக் கூந்தலைத் தினமும் அலசி உலர்த்தும் பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அளவுகோல் மாறியிருக்கிறது, அளப்பவர்களின் உரிமை மாறவில்லை.

பேச்சுத் தமிழுக்கு வந்தால் உவமைகள் இன்னும் வெளிப்படையாகிவிடும். 'பரட்டை' என்பது வசை. 'பேய் மாதிரி தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு' என்பது வீட்டுக்குள் சொல்லப்படும் கட்டளை. அடங்காத முடியும் அடங்காத பெண்ணும் ஒரே சொல்லால் திட்டப்படுகிறார்கள். சுருட்டை முடியையும் கறுத்த தோலையும் சேர்த்துச் சொல்லும் கேலியில் சாதியின் குரலும் கேட்கும். 'ஃப்ரிஸ்' என்பது குளிரூட்டிய அறைக்குள் வந்துவிட்ட பரட்டை. பெயர் மாறியதால் அவமானம் பிரச்சினையாகிவிட்டது. பிரச்சினை என்றால் அதற்கு விலை வைக்கலாம்.

இனி மூன்றாவது கட்டம், தீர்வுகள். பெயர்கள் வெவ்வேறாக இருந்தாலும் நடப்பது சில வேலைகள்தான். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. ரீபாண்டிங் செய்யும்போது ஒரு ரசாயனம் அந்தப் பிணைப்புகளை உடைக்கிறது, சூடான இரும்பு முடியை நேராக இழுக்கிறது, இன்னொரு ரசாயனம் நேரான நிலையிலேயே மறுபடி பிணைக்கிறது. 'நிரந்தரம்' என்பது ஏற்கெனவே வளர்ந்த முடிக்கு மட்டும். வேர் அதே வேர்தான் என்பதால் மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் பழைய சுருளே முளைத்து வரும். அதனால்தான் அடுத்த சந்திப்புக்குத் தேதி குறிக்கப்படுகிறது.

கெரட்டின் சிகிச்சை என்ற பெயர் முடிக்குச் சத்து ஊட்டுவதுபோல ஒலிக்கிறது. தலைக்கு வெளியே நீண்டிருக்கும் முடி உயிரற்றது. அதற்கு ஊட்ட முடியாது, பூச மட்டுமே முடியும். இந்த வகைச் சிகிச்சைகள் பலவற்றில் முடியை நேராக நிறுத்தி வைத்தது பார்மால்டிஹைடு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதி செய்துள்ள பொருள்களில் அதுவும் ஒன்று. 2010இல் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், 'பார்மால்டிஹைடு இல்லை' என்று எழுதி விற்கப்பட்ட ஒரு திரவத்தைத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை பரிசோதித்தபோது அதில் பார்மால்டிஹைடு இருந்தது. மெத்திலீன் கிளைக்கால் என்ற பெயரில் அது ஒளிந்துகொள்ளும்; சூடான இரும்பு பட்டதும் ஆவியாக வெளியே வரும்.

அதற்கு மாற்றாக வந்தது கிளையாக்சிலிக் அமிலம். நானோபிளாஸ்டியா என்ற பெயரில் நடப்பதில் பெரும்பாலும் இதுதான். துனிசியாவைச் சேர்ந்த ஓர் இளம்பெண் 2020, 2021, 2022 என மூன்று முறை முடியை நேராக்கிக்கொண்டு, மூன்று முறையும் சிறுநீரகப் பாதிப்புக்கு உள்ளானார். 2024இல் ஒரு மருத்துவ இதழில் இதை வெளியிட்ட பிரெஞ்சு மருத்துவர்கள், அந்தக் களிம்பில் இருந்த இந்த அமிலத்தையே காரணமாகக் காட்டினார்கள். ஹேர் போடாக்ஸில் போடாக்ஸ் இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால், பட்டியலில் உள்ள பெயர்கள் எதற்காக வைக்கப்பட்டவை என்பது விளங்கும்.

2022இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. முடியை நேராக்கும் பொருள்களை ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட இரு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. 70 வயதுக்குள் அந்நோய் வரும் வாய்ப்பு பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 விழுக்காடு, அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 விழுக்காடு. தொடர்பு இருப்பதாலேயே காரணம் உறுதியாகிவிடாது. சாயத்துக்கும் இந்நோய்க்கும் அப்படியொரு தொடர்பை அந்த ஆய்வு காணவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும், இதைத் தெரிந்துகொண்டு செய்வதும் தெரியாமல் செய்வதும் ஒரே தேர்வாகாது.

பட்டியலில் உதிர்வும் ஃப்ரிஸும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. எனக்கு மிகவும் ஆபத்தாகப் படுவது இதுதான். ஒன்று முடியின் இயல்பு. மற்றது பல நேரங்களில் உடல் அனுப்பும் செய்தி. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத் தைலமும் ஸ்பாவும் விற்றால், அந்தச் செய்தி மருத்துவரிடம் போய்ச் சேராமலே போகும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2019-21இல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி எல்லாம் முடியில் தெரியக்கூடியவை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் பெண்ணின் தலையில் கொட்டுவது வெறும் முடிப் பிரச்சினை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் பட்டியலைத் தள்ளி வைத்துவிட்டு, மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்வேன்.

முதல் கேள்வி: இது முடியின் வடிவமா? சுருள், அலை, நரை எல்லாம் வடிவமும் நிறமும்தான். இவற்றுக்குப் பராமரிப்பு உண்டு, சிகிச்சை தேவையில்லை. சுருள்முடியின் வளைவுகளில் தலையின் எண்ணெய்ப் பசை நுனிவரை இறங்காது, அதனால் வறளும். ஷாம்பு குறைவாக, கண்டிஷனர் தாராளமாக, ஈரத்தோடு அகலப்பல் சீப்பு. இவ்வளவுதான். மெல்லிய முடிக்குக் கனமான எண்ணெயும் கிரீமும் ஆகாது, ஒட்டிப் படிந்துவிடும். நரைக்குச் சாயம் போட விரும்பினால் போடலாம். 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பது அவசியம். கறுப்புச் சாயங்களில் உள்ள பிபிடி சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும்.

இரண்டாம் கேள்வி: இது உடல் சொல்லும் செய்தியா? ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. பிரசவத்துக்கோ டைபாய்டு, டெங்கு போன்ற காய்ச்சலுக்கோ இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டினால், பெரும்பாலும் அதுவாகவே நின்று, முடி திரும்ப வளரும். அந்த இடைவெளியில் வாங்கிய தைலம்தான் அதற்கான பெயரைத் தட்டிக்கொண்டு போகும். வகிடு அகன்றுகொண்டே போனாலோ, வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ தோல் மருத்துவரிடம் போக வேண்டும். பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தைராய்டு முடிவுகளை அது பிறழச் செய்யும்.

மூன்றாம் கேள்வி: இது யாரோ செய்த காயமா? ரீபாண்டிங்குக்குப் பின் வரும் நுனிப்பிளவும் உடைப்பும் அந்தச் சிகிச்சை தந்தவை. அதற்கு மருந்து கத்தரிக்கோல்தான். நம் பள்ளிகள் பல இன்றும் கட்டாயமாக்கியிருக்கும் இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடையையும் இந்தக் கேள்வியில் சேர்க்கிறேன். ஆண்டுக்கணக்கில் இழுபட்டால் நெற்றியோர முடி மெலிந்து பின்வாங்கும். ஒழுக்கத்தின் பெயரால் சிறுமிகளின் தலையில் நடப்பதை எந்த விலைப்பட்டியலும் பிரச்சினையாகக் குறிப்பதில்லை.

'பார்லர் வேண்டாம், பாட்டி வைத்தியம் போதும்' என்ற குரலும் எனக்கு உடன்பாடில்லை. தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்பது 2003இல் வெளியான ஆய்வின் முடிவு. அதைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் ஒரு மும்பை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். பொடுகுள்ள தலையில் இரவெல்லாம் எண்ணெய் ஊறவைத்தால், பொடுகுக்குக் காரணமான நுண்பூஞ்சைக்குத் தீனி போட்டதாகவே முடியும். அதற்குக் கீட்டோகோனசோல் ஷாம்புவே மேல். அரைத்து, காய்ச்சி, அலசி, சிக்கெடுத்து முடிக்கும் ஞாயிற்றுக்கிழமையின் பாதி நாளுக்கு யாரும் கூலி கொடுத்ததும் இல்லை. பெண்கள் கிராப்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்று பெரியார் பேசியும் எழுதியும் வந்ததை இங்கே நினைத்துக்கொள்கிறேன். அதையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நீளமான முடியும் பெண்மையும் ஒன்றல்ல என்று உரக்கச் சொன்னதே அதன் பயன்.

முடியை நேராக்கிக்கொள்ளும் பெண்ணை நான் குற்றம் சொல்ல மாட்டேன். நேர்காணலில், பெண் பார்க்கும் கூடத்தில், அலுவலக வரவேற்பு மேசையில் சீரான முடிக்குக் கிடைக்கும் மரியாதை உண்மையானது. அவள் பணம் கொடுத்து வாங்குவது அந்த மரியாதையைத்தான். என் விமர்சனம் அந்த மரியாதைக்கு விலை நிர்ணயித்தவர்கள்மீது.

வாசகி ஒருத்தி ஆண்டுக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் அந்த நாற்காலியில் உட்காருகிறாள். அவளுக்குப் பின்னால் நின்று இரும்பைப் பிடித்திருக்கும் பெண், கதவு சாத்திய குளிரூட்டி அறையில் அந்த ஆவியை நாள்தோறும் சுவாசிக்கிறாள். கண் எரிச்சலையும் இருமலையும் தொழிலோடு சேர்ந்தது என்று நினைக்க அவள் பழக்கப்பட்டிருக்கிறாள். வகை, பிரச்சினை, தீர்வு என்ற மூன்று கட்டங்களில் அவளுக்கு இடமே இல்லை. எனவே தேர்வைப் பற்றிப் பேசுபவர்கள் நான்காவதாக ஒரு கட்டத்தைக் கேட்க வேண்டும்: இதில் என்ன கலந்திருக்கிறது, தமிழில் எழுதுங்கள். புட்டியைக் கையில் வாங்கிப் பாருங்கள். பார்மால்டிஹைடு, மெத்திலீன் கிளைக்கால், கிளையாக்சிலிக் அமிலம் என்ற மூன்று பெயர்களை நினைவில் வைத்திருங்கள். சன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். முகக்கவசமும் காற்றோட்டமும் அவளுக்கும் வேண்டும் என்று சொல்லுங்கள். அவள் சொன்னால் வேலை போகும். வாடிக்கையாளர் சொன்னால் முதலாளி கேட்பார்.