உரிமச் சீட்டும் ஊசிமணியும்

"சித்தப்பா, மானைவிட விண்ணப்பம்தான் பெரிசா இருக்கு" என்று போனில் புலம்பினான் என் அண்ணன் மகன். அம்பத்தூரில் வளர்ந்தவன்; அமெரிக்காவில் வேலை, கையில் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட். அலாஸ்காவில் மூஸ் மான் வேட்டையாட ஆசை. வேறு மாநிலத்து அமெரிக்கர் தனியாகவே போய் மூஸ் சுடலாம். அமெரிக்காவில் நிரந்தரக் குடியிருப்பு இல்லாத அயல்நாட்டுக் குடிமகன் என்றால் உரிமம் பெற்ற வழிகாட்டி கூடவே வர வேண்டும். வழிகாட்டியின் கூலியைக் கேட்டவுடன் அவன் ஆசை பாதியாகிவிட்டது. மெய்ன் மாநிலத்திலோ குலுக்கல். சீட்டு விழாத ஆண்டுகளுக்குப் புள்ளி சேரும். எனக்குப் பிடித்த விதி அலாஸ்காவினுடையது: இறைச்சியின் கடைசிச் சுமையோடோ அதற்குப் பிறகோதான் காட்டிலிருந்து கொம்பை எடுத்து வரலாம்.

மூஸைக் கடமான் என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. கடமான் நம் நீலகிரிக்காரன். இலங்கைத் தமிழர் மரை என்பார்கள். அந்தக் கடமானைச் சுடவும் ஒரு காலத்தில் சீட்டு வேண்டியிருந்தது.

1877இல் ஊட்டியில் நீலகிரி வேட்டைச் சங்கம் தொடங்கியது. 1879இல் சென்னை அரசு அந்த மலைக்கென்றே வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் போட்டது. கணக்கு வழக்கில்லாமல் சுட்டுத் தீர்த்தவர்களும் துரைமார்தான், கவலைப்பட்டவர்களும் அவர்கள்தான். ஆனாலும் ஏற்பாடு வேலை செய்தது. சுடக்கூடாத மாதங்கள் வந்தன. பெட்டைக்கும் குட்டிக்கும் விலக்கு. வரையாட்டில் முதுகு வெளுத்த கிழக் கிடாயைத்தான் சுடலாம். காவலர்களும் இருந்தார்கள். இது இல்லாதிருந்தால் நீலகிரி மேட்டில் இன்று வரையாடு இருந்திருக்குமா என்பது சந்தேகமே. துப்பாக்கிக்காரர்களை வைத்தே துப்பாக்கியை அடக்கிய சாமர்த்தியம் அது.

கோளாறு வேறிடத்தில். சங்கம் காத்தது காட்டை அல்ல, துரைமார் சுட விரும்பிய விலங்கை. அதனால் மானைத் தின்னும் செந்நாய் எதிரியானது. அதைக் கொன்றவருக்குச் சன்மானம். எண்ணிப் பார்த்து அனுமதி தரும் பழக்கமும் வெகுகாலம் இல்லை. முன்பு வேட்டைக்காரராக இருந்த வழக்கறிஞர் இ.ஆர்.சி. டேவிதார் 1963இல் மலைமலையாக ஏறி வரையாடுகளை எண்ணினார். அவர் நினைவாகத்தான் அக்டோபர் 7 இன்று வரையாடு தினம்.

அதைவிடப் பெரிய கோளாறு, யார் வேட்டைக்காரன் என்று முடிவு செய்த விதம். வெலிங்டன் படைமுகாமிலிருந்து விடுப்பில் வரும் அதிகாரி சீட்டு வாங்கிச் சுட்டால் விளையாட்டு. தலைமுறை தலைமுறையாகக் காட்டில் இருந்த குறும்பரும் இருளரும் வலை விரித்தால் திருட்டு. வெளியூர்க்காரன் சட்டப்படி உள்ளே வந்தான். உள்ளூர்க்காரன் தன் காட்டிலேயே அயலானான். இந்த ஒரு விஷயத்தில் மெய்ன்காரர்களின் குலுக்கல் மேல்: அங்கே சீட்டில் பெரும்பங்கு உள்ளூர்க்காரருக்கு.

1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் சில விலங்குகளுக்கு வேட்டை உரிமம் இருந்தது. 1991 திருத்தம் அதையும் ஒழித்தது. சரியான முடிவு. வேட்டை திரும்ப வர வேண்டும் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆனால் கதவை மூடியபோது உள்ளே அகப்பட்டவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. சீட்டு வாங்கிச் சுட்டவர்களுக்கு அது பொழுதுபோக்கு. போனால் கோல்ஃப் இருந்தது. கவுதாரியையும் காடையையும் நம்பிப் பிழைத்த நரிக்குறவருக்கு ஊசிமணி பாசிமணிதான் மிஞ்சியது. பழங்குடிப் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறியது 2023இல்.

ஆவடி ரயில் நிலையத்துக்கு வெளியே, தகரத் தட்டில் பாசியும் செம்புக் கம்பியும் பரப்பி உட்காரும் பெரியவர் ஒருவரை எனக்குப் பல வருடப் பழக்கம். போன மாசியில் பருத்திப்பட்டு ஏரிக் கரையில் எதிர்ப்பட்டார். நாணலுக்குள் ஏதோ கீச்சென்று எழுந்து கோணல்மாணலாகப் பறந்தது. நான் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள், திரும்பிக்கூடப் பார்க்காமல் "உள்ளான் சாமி" என்றார். இன்னும் எத்தனை கிடக்கும் என்று கேட்டேன். கரையோரச் சேற்றை ஒரு பார்வை பார்த்து, "ஏழெட்டு இருக்கும்" என்றார். அரை மணி நேரம் நின்று ஏழு எண்ணினேன். நான் கலந்துகொண்ட ஏரிப் பறவைக் கணக்கெடுப்புகளில் அவரைப் போன்ற ஒருவரையும் யாரும் கூப்பிட்டதில்லை, நான் உட்பட.