பியூனுக்கு எட்டாவது, பிரசிடெண்டுக்கு?

செஞ்சி கூட்ரோட்டில் உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும். "ஆபீஸ் பியூன் வேலைக்கே எட்டாவது பாஸ் கேக்கறாங்க. ஊர்ப் பணத்தக் கையாளுற பிரசிடெண்டுக்கு ஒண்ணும் வேணாமா?" எதிர்த் தரப்பு உடனே காமராஜரைக் கொண்டுவந்து நிறுத்தும். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், 1954 முதல் 1963 வரை முதலமைச்சர், பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தவர். மூன்றாம் வகுப்போடு நின்ற எம்.ஜி.ஆரையும் பள்ளியிறுதியில் தேறாத கலைஞரையும் கூடவே சேர்த்துக்கொள்வார்கள். பேச்சு பெரும்பாலும் அதற்குமேல் போவதில்லை.

காமராஜரை இங்கே சாட்சிக்கு இழுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முதலமைச்சராவதற்கு முன் முப்பது ஆண்டுக்கு மேல் கட்சியில் உழன்றவர் அவர். 1940-லேயே மாநிலக் காங்கிரஸ் தலைவர். சிறையில் கழித்த ஆண்டுகள் வேறு. நிதியையும் கல்வியையும் கவனிக்க சி. சுப்பிரமணியம், கல்வித் துறையில் நெ.து. சுந்தரவடிவேலு என்று பக்கத்தில் இருந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நேற்று வேட்புமனு போட்டு இன்று பதவியேற்ற ஊராட்சித் தலைவருக்கு அந்தப் பயிற்சியும் கிடையாது, அந்தத் துணையும் கிடையாது. கணவர் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடும் ஒரு தலைவரை நியாயப்படுத்தக் காமராஜர் பெயரைச் சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதையும் ஆகாது.

பியூன் வாதத்திலும் ஓட்டை உண்டு. பியூனைத் தேர்ந்தெடுப்பவர் அவரை முன்பின் பார்த்திராத அதிகாரி. அவருக்குக் காகிதம்தான் ஆதாரம். ஊராட்சி வேட்பாளரையோ அவர் தாத்தா காலத்திலிருந்து ஊருக்குத் தெரியும். 'ஓட்டுதான் பரீட்சை' என்று இதை முடித்துவிடவும் மனம் வரவில்லை. வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு தெருவில் என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த இரவில் கவர் கொடுப்பவர்களில் பட்டதாரிகளுக்குப் பஞ்சமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கேள்வி புதிதல்ல. 1949 நவம்பர் 26 அன்று, அரசியல் சாசனத்தை ஏற்கும் நேரத்தில், அவைத் தலைவர் ராஜேந்திர பிரசாத்தே இந்த வருத்தத்தைச் சொன்னார். சட்டத்தை நடைமுறைப்படுத்துகிறவர்களிடம் உயர்ந்த தகுதிகளைக் கேட்கிறோம், சட்டத்தை இயற்றுகிறவரிடம் ஒன்றும் கேட்பதில்லையே என்பது அவர் ஆதங்கம். அந்த அவையில் இருந்தவர்கள் இன்னொன்றையும் அறிவார்கள். அதற்கு முந்தைய வெள்ளைக்காரர் காலத் தேர்தல்களில் சொத்தோ படிப்போ இருந்தவருக்குத்தான் ஓட்டு. அந்தச் சல்லடையைத் தூக்கி எறிந்து எல்லாருக்கும் வாக்குரிமை தந்த கையோடு, வேட்பாளருக்கு மட்டும் அதை மீண்டும் மாட்ட அவர்கள் விரும்பவில்லை. சாசனத்தின் 84, 173 ஆகிய பிரிவுகள் குடியுரிமையையும் வயதையும் கேட்டுவிட்டு, மற்ற தகுதிகளை நாடாளுமன்றம் சட்டம் போட்டு வகுக்கலாம் என்று விட்டன. இத்தனை ஆண்டுகளில் எந்த நாடாளுமன்றமும் தன் உறுப்பினர்களுக்குப் படிப்பை வகுக்கவில்லை.

விதி கடைசியில் விழுந்தது அடிமட்டத்தில். 2014 டிசம்பரில் ராஜஸ்தான் அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டது. ஊராட்சித் தலைவருக்கு எட்டாம் வகுப்பு, பழங்குடிப் பகுதியானால் ஐந்தாம் வகுப்பு, ஒன்றிய, மாவட்டக் குழு உறுப்பினர்களுக்குப் பத்தாம் வகுப்பு. அடுத்த மாதமே தேர்தல். படித்துவிட்டு வந்து நிற்கலாம் என்று யாராவது நினைத்தாலும் வழியில்லை. 2015-ல் ஹரியானா தொடர்ந்தது: பொதுப் பிரிவு ஆண்களுக்குப் பத்தாவது, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் எட்டாவது, வார்டு உறுப்பினராக நிற்கும் பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஐந்தாவது. கூடவே வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும், மின்கட்டண பாக்கி, கூட்டுறவுக் கடன் பாக்கி இருக்கக் கூடாது.

ஹரியானா சட்டத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பட்டியல் சாதிப் பெண்களில் 68 சதவீதம் பேர் போட்டியிடும் தகுதியை இழப்பார்கள் என்று மனுதாரர் தரப்பு எடுத்துச் சொன்னது. 2015 டிசம்பர் 10 அன்று நீதிபதிகள் செலமேஸ்வர், சப்ரே அமர்வு சட்டம் செல்லும் என்றது. நல்லது கெட்டது பிரித்தறியும் ஆற்றலைக் கல்விதான் தருகிறது என்ற பொருளில் தீர்ப்பு பேசுகிறது. இந்த வாசகம் எழுதப்பட்ட அதே நாட்டில், வங்கிகளைக் கோடிக்கணக்கில் ஏமாற்றிவிட்டு விமானம் ஏறியவர்களின் படிப்புச் சான்றிதழ்களை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

இந்த விதி யாரை வெளியே தள்ளியது என்பதற்கு நோர்தி பாய் ஒருவர் போதும். ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்து ஹர்மாடா ஊராட்சியின் தலைவர், தலித் பெண், பள்ளிப் படிப்பு இல்லாதவர். திலோனியாவில் உள்ள பேர்ஃபுட் கல்லூரியில் எழுதப் படிக்கவும் கணினி இயக்கவும் கற்றுக்கொண்டு, ஊராட்சி வேலைகளைத் தானே கணினியில் பார்த்தவர். 2010-ல் ஜெயித்து ஐந்தாண்டு முடித்த அவரால் 2015-ல் மனுவே போட முடியவில்லை. எட்டாவது மார்க்ஷீட் இல்லை. கணினி தெரியாத ஒரு எட்டாவது பாஸ் போட்டியிடலாம். அந்தத் தேர்தலுக்குப் பிறகு ராஜஸ்தான் காவல் நிலையங்களில் போலி மார்க்ஷீட் புகார்கள் குவிந்தன. 2019-ல் புதிய அரசு படிப்புத் தகுதியை நீக்கியது.

விதிக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியதையும் முழு பலத்தோடு சொல்ல வேண்டும். ஹரியானாவில் 2016-க்குப் பிறகு இளம் வயதினர், குறிப்பாகப் படித்த பெண்கள், ஊராட்சிகளுக்கு வந்தார்கள். அவர்களில் திறமையாகச் செயல்பட்டவர்கள் உண்டு. பெண்ணைப் படிக்கவைத்தால் பதவி கிடைக்கும் என்ற எண்ணம் சில வீடுகளிலாவது வேலை செய்திருக்கும். ஆனால் தேர்தலுக்காகவே படித்த மருமகளைத் தேடி அவசரக் கல்யாணம் செய்த குடும்பங்களைப் பற்றியும் செய்தி வந்தது. மருமகள் படித்தவர், தலைவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றது அதே மாமனார். கைநாட்டுத் தலைவரிடம் இருக்கும் சிக்கல் அவருக்காக வேறொருவர் படித்துச் சொல்கிறார் என்பது. அந்த வேறொருவரை மார்க்ஷீட் அகற்றவில்லை, வீட்டுக்குள் இன்னும் ஒரு படி நெருக்கமாகக் கொண்டுவந்தது.

அண்டை நாட்டு அனுபவம் இன்னும் வேடிக்கை. பாகிஸ்தான் அதிபர் முஷாரஃப் 2002-ல் நாடாளுமன்றத்துக்கே பட்டப்படிப்பைக் கட்டாயமாக்கினார். மதரஸா சான்றிதழ்களைப் பட்டத்துக்கு இணையாக ஏற்றார்கள். அங்கே படிக்காதவர்களில் சிலர் போலிப் பட்டம் வாங்கினார்கள். 2008-ல் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. 2010-ல் போலிப் பட்ட விவகாரம் நாறியபோது பலுசிஸ்தான் முதல்வர் ரைசானி, அசலோ போலியோ பட்டம் பட்டம்தானே என்று கேட்டு உலகப் புகழ் பெற்றார்.

தமிழ்நாட்டில் இந்த விதி இல்லை. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் படிப்பைக் கேட்பதில்லை. 2016 முதல் இடங்களில் பாதி பெண்களுக்கு. விழுப்புரம் மாவட்டத்தில் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் நடந்த ஊரகத் தேர்தலில் செஞ்சி ஒன்றியத்திலும் முதன்முறை தலைவரான பெண்கள் பலர். ராஜஸ்தான் விதியை இங்கே போட்டுப் பார்த்தால் என்ன ஆகும்? 2011 கணக்கெடுப்பில், கள்ளக்குறிச்சி பிரியாத விழுப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 72 சதவீதம். மாநிலச் சராசரி 80. பெண்களுக்கு அதைவிடக் கீழே. ஏதாவது ஒரு மொழியில் புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்தாலே எழுத்தறிவு எண்ணிக்கையில் வந்துவிடலாம், பள்ளிச் சான்றிதழ் வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பு முடித்தவர்களை மட்டும் எண்ணினால் நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று யூகிக்கப் பெரிய கணக்கு தேவையில்லை.

இருளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் குடும்பத்தோடு போய்க் கிடந்தவர்கள். பிள்ளைகள் பாதி வருஷம் சூளையில், பாதி வருஷம் பள்ளியில். பழங்குடிச் சாதிச் சான்றிதழுக்காக வருவாய்த் துறை வாசலில் ஆண்டுக்கணக்கில் நின்றவர்கள் அவர்கள். சான்றிதழ் இல்லாததால் படிப்பு நின்ற பிள்ளைகளும் உண்டு. பள்ளியைக் கொடுக்கத் தவறிய அரசு, பள்ளிக்குப் போகவில்லை என்று அவர்களைத் தேர்தலிலிருந்து நீக்கினால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

மகாராஷ்டிரத்தின் ஏற்பாடு இதைவிட நிதானமானது. 1995-லோ அதற்குப் பின்னோ பிறந்தவர் தலைவராக நின்றால் ஏழாம் வகுப்பு. மூத்தவர்களை விட்டுவிட்டார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அப்போது ஆறு வயதாக இருந்தவர் 2025-ல் உள்ளாட்சியில் நிற்கும் வயதான 21-ஐ எட்டிவிட்டார். அந்தத் தலைமுறைக்கு மட்டும் விதி போடலாமே என்றால், கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எட்டாவது வரை எல்லாரும் பாஸ் என்றே பல ஆண்டுகள் போன பிறகு அந்தச் சான்றிதழ் எதைச் சான்று சொல்கிறது? நாடு முழுக்கக் கிராமப்புறத்தில் எடுத்த ஏசர் ஆய்வின்படி 2022-ல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழ 30 சதவீதம் பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடியவில்லை. தலைவர் கோப்பைப் படிக்க வேண்டும் என்பது நோக்கமானால், மார்க்ஷீட் அதற்கு உத்தரவாதம் இல்லை.

கோப்பு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு தெருவுக்கு சிமெண்ட் சாலை போடுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றியப் பொறியாளர் எஸ்டிமேட் தயாரிக்கிறார். அதன் வரிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொறியியல் சுருக்கெழுத்துகளோடு இருக்கும். வேலை முடிந்ததும் ஓவர்சியர் எம்-புக்கில் அளவுகளை எழுதுகிறார். அதை வைத்து பில். பி.ஏ. தமிழ் படித்த தலைவருக்கும் அந்தத் தாள் புரியாது; கைநாட்டுத் தலைவருக்கும் புரியாது. தாளில் ஆறு அங்குலம் என்று இருந்து தரையில் நாலு அங்குலம்தான் விழுந்திருக்கிறது என்றால், அதை முதலில் கண்டுபிடிப்பவர் அந்தத் தெருவில் குடியிருக்கும் கொத்தனார். குச்சியை வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் தலைவராக வரக்கூடாது என்கிறதுதான் எட்டாவது விதி. செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்ற பாதுகாப்பு இருக்கிறது; இருவரும் ஒரே கான்ட்ராக்டரின் சொந்தக்காரர்களாக இருந்தால் அதுவும் செல்லாக்காசு. பணப் பட்டுவாடா கணினிக்கு மாறிய பின் கேள்வி இன்னும் கூர்மையாகிறது: தலைவர் பெயரிலுள்ள மின்கையொப்பக் கருவி யார் சட்டைப் பையில் இருக்கிறது? முதுகலை படித்த தலைவரின் கருவியும் வேறொருவர் மேசை இழுப்பறையில் கிடக்கலாம்.

காதால் கேட்டு நினைவில் வைக்கும் ஆற்றலைப் படிப்பு என்று நாம் எண்ணுவதே இல்லை. செஞ்சிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் வழிபாட்டின் தாய்க்கோயில் என்று சொல்லப்படும் மேலச்சேரி பக்கத்தில்தான் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் பாரதப் பிரசங்கத்தையும் இரவு முழுக்கக் கூத்தையும் கேட்டு வளர்ந்தவர்களில் எழுத்தறியாதவர்கள் ஏராளம். பிரசங்கி ஒரு கிளைக்கதையைத் தாண்டிப் போனால் முன்வரிசையில் இருக்கும் பாட்டி விடமாட்டார். அவருக்கு ஊராட்சி வரவுசெலவை இதே நிதானத்தோடு படித்துக் காட்டிப் பாருங்கள், மோட்டார் ரிப்பேருக்கு ஒரே மாதத்தில் இரண்டு முறை பில் போட்டதை அவர் தவறவிட வாய்ப்பில்லை.

கிராம சபையில் இது நடக்க வேண்டும் என்றுதான் சட்டம் எதிர்பார்க்கிறது. ஆண்டுக்கு நான்கு கூட்டம் என்றிருந்ததை 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களையும் சேர்த்து ஆறாக்கினார்கள். நடப்பதோ பல இடங்களில் வேறு. ஊராட்சிச் செயலர் ஓட்டமாகச் சில தொகைகளை வாசிப்பார். தீர்மானப் புத்தகம் முன்பே கைமாறியிருக்கும். 'கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க' என்பார்கள். இந்தக் கூட்டத்தில் படிக்காதவர் மட்டும்தான் ஏமாறுகிறார் என்றால் படிப்புத் தகுதிக்கு அர்த்தம் உண்டு. படித்தவர்கள்தான் கூட்டத்துக்கே வருவதில்லை.

வாக்காளர் கையில் ஏற்கெனவே ஓர் ஆயுதம் இருக்கிறது. 2002-லும் 2003-லும் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளர்கள் தங்கள் படிப்பையும் சொத்தையும் குற்ற வழக்குகளையும் உறுதிமொழிப் பத்திரத்தில் சொல்லியாக வேண்டும். படிப்பு முக்கியம் என்று நினைக்கிறவர் அதைப் பார்த்துவிட்டு ஓட்டுப் போடட்டும். நினைக்காதவர் வேறொன்றைப் பார்க்கட்டும். தடை போடுவதற்கும் தெரிவிப்பதற்கும் இடையில் நான் இரண்டாவதன் பக்கம்.

தலைவருக்குத் திறமை வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. அதைக் கேட்க வேண்டிய நேரம் வேட்புமனு நாள் இல்லை, பதவியேற்ற மறுநாள். இப்போது தரும் சில நாள் பயிற்சி பெரும்பாலும் மண்டபத்தில் மைக் பிடித்துப் பேசுவதோடு முடிகிறது. அதற்குப் பதில் முதல் ஆறு மாதம் ஒவ்வொரு பில்லையும் தலைவரோடு உட்கார்ந்து விளக்க ஒன்றியத்தில் ஒருவரை நியமிக்கலாம். எஸ்டிமேட்டைத் தமிழில் ஒரு பக்கமாக, எத்தனை மீட்டர், எத்தனை அங்குலம், எத்தனை மூட்டை என்று எழுதி வேலை நடக்கும் தெருவிலேயே ஒட்டலாம். பெண் தலைவர் நாற்காலியில் அவர் கணவர் உட்கார்ந்து கோப்புப் பார்த்தால், அனுமதித்த அலுவலர் மேல் நடவடிக்கை எடுக்கலாம். இவை எதற்கும் சட்டத்திருத்தம்கூடத் தேவைப்படாது. விழுப்புரம் ஊராட்சிகளின் ஐந்தாண்டு 2026 அக்டோபரில் முடிகிறது. அடுத்து வரப்போகிறவர்களுக்கு இந்த ஏற்பாட்டைச் செய்துவைக்கச் சென்னை தலைமைச் செயலகத்திலிருந்து ஓர் அரசாணை போதும்.