20 ஜிபி கச்சேரி, 2 ஜிபிக்குள்

ஐபோனில் 4கே தரத்தில், விநாடிக்கு 30 ஃப்ரேம் வேகத்தில் படம் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி ஆகும் என்று அதன் கேமரா அமைப்புகளிலேயே எழுதியிருக்கிறது. இரண்டு மணி நேரக் கச்சேரி என்றால் 20 ஜிபியைத் தாண்டிவிடும். பாடியவருக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் வெளியூரில் இருக்கும் உறவுகளுக்கும் அதை அனுப்ப வேண்டும் என்னும்போதுதான் திண்டாட்டம். ஜிமெயில் 25 எம்பிக்கு மேல் இணைப்பை ஏற்காது. வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே போகும். வீடியோவாக அனுப்பினாலோ அது தன் போக்கில் சுருக்கிவிடும். எச்டி என்று தேர்ந்தெடுத்தாலும் சுருக்கம் உண்டு. பட்டுப்புடவையின் கரை சதுரம் சதுரமாகச் சிதறுவதும், மிருதங்கத்தின் மேல் ஓடும் விரல்கள் மங்கலான திட்டாகத் தெரிவதும் அதனால்தான்.

படத்தில் எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதை எடுத்தவர் முடிவு செய்ய வேண்டும், அனுப்பும் செயலி அல்ல. அந்த உரிமையை முழுதாக நம் கையில் தரும் மென்பொருளாக நான் நம்பிப் பயன்படுத்துவது ஹேண்ட்பிரேக். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, படத்தின் மூலையில் முத்திரை குத்துவதும் கிடையாது. 2003இல் எரிக் பெத்தி என்ற பிரெஞ்சு நிரலாளர் தொடங்கியதைத் தன்னார்வலர்கள் இன்றுவரை வளர்த்து வருகிறார்கள். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2016 டிசம்பரில்தான் 1.0 என்ற எண்ணையே அதற்குக் கொடுத்தார்கள். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

தரவிறக்கும்போது ஒரு கவனம் வேண்டும். 2017 மே மாதத்தில் இதன் தரவிறக்க சர்வர் ஒன்றுக்குள் யாரோ புகுந்து, மேக் பதிப்புக்குப் பதிலாகத் தீநிரல் கலந்த கோப்பை வைத்துவிட்டார்கள். சில நாட்களில் கண்டுபிடித்து, வெளிப்படையாக அறிவித்தார்கள். அதிகாரபூர்வத் தளத்தைத் தவிர வேறெங்கும் எடுக்காதீர்கள். அங்கே கொடுத்திருக்கும் சரிபார்ப்புக் குறியீட்டை ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்லது. செல்போனுக்கு இதன் பதிப்பே இல்லை. அந்தப் பெயரில் செல்போன் செயலி எதையாவது கண்டால் தொடாதீர்கள்.

திறந்தவுடன் கண்ணில் படும் திரை கொஞ்சம் மிரட்டும். டைமென்ஷன்ஸ், ஃபில்டர்ஸ், வீடியோ, ஆடியோ, சப்டைட்டில்ஸ் என்று தாவல்கள் வரிசையாக நிற்கும். பாதியைத் தொடவே தேவையில்லை. கோப்பை இழுத்து உள்ளே போட்டால் 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற முன்னமைவு தானாகவே தேர்வாகியிருக்கும். சேமிக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால், பெரும்பாலானவர்களுக்கு அதிலேயே வேலை முடிந்துவிடும்.

ஆனால் இந்த மென்பொருளின் உயிர் வீடியோ தாவலில் இருக்கும் ஆர்எஃப் என்ற நகர்த்தியில்தான் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் சுருக்கிகள் பலவும் 'எத்தனை எம்பி வேண்டும்?' என்று கேட்கின்றன. ஹேண்ட்பிரேக் 'எவ்வளவு தரம் வேண்டும்?' என்று கேட்கிறது. எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பு பெருக்கும். 1080பி படத்துக்கு 20 முதல் 24 வரை வைக்கச் சொல்கிறார்கள். அந்த முன்னமைவில் 22 இருக்கிறது. எண்ணை 6 கூட்டினால் கோப்பின் அளவு ஏறக்குறையப் பாதியாகும் என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் சில விநாடிகளை மட்டும் சுருக்கிப் பார்க்க பிரிவியூ வசதி இருக்கிறது. பாடகரின் முகம் அண்மையில் வரும் இடத்தையும் விளக்கு குறைந்த இடத்தையும் அதில் ஓட்டிப் பார்த்துவிட்டு எண்ணை முடிவு செய்தால் பிறகு வருந்த வேண்டியிருக்காது.

தரத்தை நிலையாக வைத்தால் அளவு எப்படி வரும்? அது படத்தைப் பொறுத்தது. படத்தைச் சுருக்கி எழுதும் பகுதியான என்கோடர் ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுதாகச் சேமிப்பதில்லை. முந்தைய ஃப்ரேமில் இருந்தது எங்கே நகர்ந்தது, எது புதிதாக வந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறது. முக்காலியில் நிறுத்திய கேமரா, அசையாத மேடை, பின்னால் ஒரே நிறத் திரை என்று இருக்கும் கச்சேரி அதற்கு வெகு சுலபம். என் பதிவு விநாடிக்கு 2 மெகாபிட்டுக்குக் கீழே அடங்கியது, கண்ணுக்குக் குறை எதுவும் தெரியவில்லை. அதே எண்ணை வைத்து இரவில் எடுத்த தெருக்கூத்துப் பதிவைக் கொடுத்தேன். கோப்பு நிமிடத்துக்கு நிமிடம் பல மடங்கு பெரிதாக வந்தது. கட்டியங்காரன் சுழன்று ஆடுவது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் இருட்டு. வெளிச்சம் போதாத இடத்தில் செல்போன் கேமரா படம் முழுக்கப் புள்ளிப்புள்ளியாக இரைச்சலைச் சேர்க்கிறது. ஒவ்வொரு ஃப்ரேமிலும் அந்தப் புள்ளிகள் இடம் மாறுவதால், என்கோடர் அவற்றையும் புதிய விவரமாக எண்ணிப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறது. திருவிழாவில் மினுக்கும் சீரியல் செட், குற்றாலத்து அருவி, பூத்தூவல் எல்லாம் இதே வகைதான்.

இதற்கு ஃபில்டர்ஸ் தாவலில் டீநாய்ஸ் இருக்கிறது. அதில் என்எல்மீன்ஸ் என்பதை எடுத்து மிக மெல்லிய அளவில் வைத்தேன். கோப்பு நன்றாக இளைத்தது, வேடத்தின் அரிதாரமும் கண்மையும் கெடவில்லை. அளவைக் கூட்டினால் முகம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடுகிறது. வேலை முடியவும் நெடுநேரம் பிடிக்கிறது. இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போவதே உத்தமம்.

ஒலி விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முன்னமைவு ஒலியை 160 கிலோபிட் ஏஏசியாக மறுபடி சுருக்குகிறது. இரண்டு மணி நேரத்துக்கு அது 144 எம்பிதான். அதையும் குறைத்து மிச்சம் பிடிப்பதில் பொருளில்லை. செல்போன் பதிவில் ஒலி பெரும்பாலும் ஏஏசியாகவே இருக்கும். ஆடியோ தாவலில் ஏஏசி பாஸ்த்ரூ என்று மாற்றினால் மூல ஒலி தொடப்படாமல் அப்படியே வந்துவிடும். தம்புராவின் நாதமும் கஞ்சிராவின் அடியும் கேட்பதற்காகத்தானே அதைப் பெறுபவர் திறக்கப்போகிறார்.

அடுத்த கேள்வி கோடெக், அதாவது படத்தைச் சுருக்கும் முறை. 2003இல் வந்த எச்.264 இன்று ஏறத்தாழ எல்லாத் திரைகளிலும் ஓடுகிறது. 2013இல் வந்த எச்.265 அதே தரத்தை வெகுவாகக் குறைந்த இடத்தில் அடக்கும். 2018இல் வந்த ஏவி1 இன்னும் சிக்கனம். மூன்றும் ஹேண்ட்பிரேக்கில் உண்டு. நான் மற்றவர்களுக்கு அனுப்ப எச்.264ஐத்தான் எடுக்கிறேன். பெரியப்பா வீட்டுப் பழைய டிவியில் பென்டிரைவைச் செருகினால் படம் வர வேண்டும், அதுவே முக்கியம். எனக்கென்று வைத்துக்கொள்ளும் பிரதிக்கு எச்.265. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத என் பழைய மடிக்கணினியில் எச்.264 வேலை கச்சேரி நடந்த நேரத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக ஓடியது, எச்.265 அதைவிட நெடுநேரம் எடுத்துக்கொண்டது. இன்டெல் சிப்பின் வன்பொருள் என்கோடரைத் தேர்ந்தால் சட்டென்று முடியும், ஆனால் அதே தரத்துக்குக் கோப்பு பெரிதாகும். அவசரம் இல்லாவிட்டால் அதை எடுக்காதீர்கள்.

குறைகளும் உண்டு. 'இது 2 ஜிபிக்குள் வர வேண்டும்' என்று நேராகச் சொல்ல வழியில்லை. முன்பு இருந்த அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். நாமே கணக்குப் போட வேண்டும்: விநாடிக்கு ஒரு மெகாபிட் என்பது நிமிடத்துக்கு 7.5 எம்பி. 2 ஜிபியை 120 நிமிடத்துக்குப் பிரித்தால் நிமிடத்துக்கு 16.7 எம்பி, அதாவது சுமார் 2.2 மெகாபிட். ஒலிக்குக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, சராசரி பிட்ரேட் பெட்டியில் 2000 என்று எழுதி, மல்டி பாஸைத் தேர்ந்தால் எல்லைக்குள் நிற்கும். கணக்கு எளிதுதான் என்றாலும் அதை மென்பொருளே செய்து தந்திருக்கலாம்.

இன்னொன்று, ஹேண்ட்பிரேக் எதைச் செய்தாலும் படத்தை மறுபடி என்கோடு செய்தே தீரும். தொடக்கத்தில் மைக் சோதனை நடந்த பத்து நிமிடத்தை மட்டும் வெட்டி எறிய வேண்டும் என்றாலும் அப்படித்தான். சில கேமராக்கள் 4 ஜிபிக்கு ஒன்றாக உடைத்து வைக்கும் துண்டுகளை ஒட்டவும் இதனால் முடியாது. இந்த இரண்டு வேலைக்கும் லாஸ்லெஸ்கட் என்ற இன்னொரு திறமூல மென்பொருளை வைத்திருக்கிறேன். அது தரம் குன்றாமல் வெட்டும், ஒட்டும். முதலில் அதில் சீர் செய்துவிட்டு இங்கே கொண்டுவந்தால் நேரம் மிச்சம்.

அனுப்புவதற்கு: 2 ஜிபிக்குள் அடங்கியதை வாட்ஸ்அப்பில் ஆவணமாகவே இணையுங்கள், கேலரி வழியாக அல்ல. கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பைக் கொடுப்பதானால் முன்னமே வெப் ஆப்டிமைஸ்டு கட்டத்தை டிக் செய்துகொள்ளுங்கள். படத்தின் அட்டவணை கோப்பின் முன்பக்கத்துக்கு வந்துவிடும். முழுதும் இறங்கும்வரை காத்திராமல் ஓடத் தொடங்கும். பென்டிரைவ் எஃப்ஏடி32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. பக்கத்திலேயே இருப்பவருக்கு இணையமே வேண்டாம். லோக்கல்சென்ட் என்ற இலவசச் செயலி ஒரே வைஃபையில் இருக்கும் ஆண்ட்ராய்டு, ஐபோன், கணினி எதற்கும் நேரடியாகக் கடத்துகிறது. டேட்டா செலவில்லை. அளவு வரம்பும் இல்லாததால் சுருக்காத மூலத்தையே தந்துவிடலாம்.

கணினியே இல்லாதவர்களுக்கு ஹேண்ட்பிரேக் உதவாது. அவர்கள் பதிவைத் தொடங்கும் முன்பே கேமரா அமைப்பில் 4கேயை 1080பியாக மாற்றிவிடலாம். ஐபோனில் அது நிமிடத்துக்கு 60 எம்பி; இரண்டு மணி நேரம் 7.2 ஜிபியில் நிற்கும். அதைத் தனியாவர்த்தனம் ஒன்று, ராகம் தானம் பல்லவி ஒன்று என்று அரை மணிக்கு ஒரு துண்டாக நிறுத்தி நிறுத்தி எடுத்தால், ஒவ்வொன்றும் 1.8 ஜிபி. எந்த மென்பொருளும் இல்லாமல் அப்படியே ஆவணமாகப் போகும்.