அறுவைக்குப் பிறகான ஆண்டுகள்

2008 செப்டம்பரில் சென்னைப் போக்குவரத்தை நிறுத்திவைத்து ஓர் இதயத்தை முகப்பேர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகனின் உறுப்புகளை மருத்துவர்களான பெற்றோர் தானமாகக் கொடுக்க, அந்த இதயம் ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் உறுப்பு தானம் வீட்டுக்கு வீடு பேச்சானது அதற்குப் பிறகுதான். ஆம்புலன்ஸ் பறந்த நிமிடங்கள் இன்றும் நம் நினைவில் இருக்கின்றன. ஆனால் குழந்தைகளுக்கான இதயமாற்றை அந்த நிமிடங்களை வைத்து எடைபோட முடியாது. பின்னால் வரும் ஆண்டுகளை வைத்துத்தான் போட வேண்டும்.

இந்தச் சிகிச்சை தேவையா என்பதில் எனக்கு ஐயமே இல்லை. இதயத்தசை தளர்ந்து வீங்கிய குழந்தை பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கும், நெற்றி வியர்க்கும், எடை ஏறாது. மருந்துகள் கைவிட்டபின் அதற்கு வேறு வழி அநேகமாக இல்லை. 1967இல் அமெரிக்காவில் அட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் ஒரு பச்சிளங்குழந்தைக்கு இதயம் மாற்றினார். அது சில மணி நேரமே உயிரோடு இருந்தது. இன்று கைக்குழந்தைப் பருவத்தில் இதயம் மாற்றப்பட்டவர்களில் பாதிப்பேர் இருபது ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். எதிர்ப்பு சக்தி முற்றாத சிசுவின் உடல் வேறு ரத்த வகை இதயத்தையும் ஏற்கும் என்று டொரான்டோ மருத்துவர்கள் 1990களில் காட்டியது பெரிய திருப்பம்.

ஆனால் இதயமாற்று நோயை ஒழிப்பதில்லை; சாகடிக்கும் நோயைக் கொடுத்துவிட்டு, கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய இன்னொரு நோயை வாங்குகிறோம். எதிர்ப்பு சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்தைப் பன்னிரண்டு மணிக்கொரு முறை, ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். அது குறைந்தால் உடல் இதயத்தை நிராகரிக்கும். கூடினால் சிறுநீரகம் கெடும், தொற்று வரும், சிலருக்கு நிணநீர்ப் புற்றுநோயும் வரும். மாற்று இதயத்தில் நரம்புகள் அறுந்திருப்பதால் ரத்தக்குழாய் சுருங்கினாலும் பெரும்பாலும் நெஞ்சு வலிக்காது. ஓடியாடும் பிள்ளைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய, குழாய் செருகிப் பார்க்கும் சோதனைகளை அவ்வப்போது செய்தாக வேண்டும். பதின்வயதில் ஆபத்து கூடுகிறது. நண்பர்களைப் போலவே இருக்க விரும்பும் பிள்ளை ஒருநாள் மாத்திரையைத் தவிர்க்கும். அதைக் கண்டிப்பதைவிடப் பேசித் தீர்க்க வேண்டும். அதற்கு மனநல ஆலோசகர் வேண்டும்.

இன்னொரு கனமான உண்மை, சின்ன மார்புக்குள் பெரியவர் இதயம் அடங்காது என்பது. இந்தப் பிள்ளை பிழைக்க, வேறொரு வீட்டில் ஒரு பிள்ளை இறந்திருக்க வேண்டும். அந்தப் பெற்றோரிடம் அந்த நேரத்தில் எப்படிப் பேசுவது என்பதையும் அறுவைத் திறனுக்கு நிகராகப் பயிற்றுவிக்க வேண்டும்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அறுவைக்குக் கைகொடுப்பது நல்ல விஷயம். ஆனால் சோதனைக்குச் சென்னைக்கு வந்துபோகும் செலவும், அப்பாவோ அம்மாவோ இழக்கும் கூலியும் எந்த மருத்துவமனை பில்லிலும் வராது. அதோடு, இத்தனை அறுவை செய்தோம் என்று அறிவிக்கும் மருத்துவமனைகள், ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்து எத்தனை பிள்ளைகள் நலமாக இருக்கிறார்கள் என்பதையும் வெளியிட வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் பெற்றோர் பார்க்க வேண்டிய கணக்கு அதுதான்.