கிரீனில் பாசி: மழையைப் பழித்துப் பயனில்லை

மலையூர் கோல்ஃப் மைதானத்தில் பாசி படர்ந்தால் பழி மழைமேல்தான் விழுகிறது. 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பும் 1889-இல் தொடங்கிய இலங்கையின் நுவரெலியா கிளப்பும் மூடுபனிக்கும் ஈரத்துக்கும் நடுவில்தான் இருக்கின்றன. பாசிக்கு அவை தோதான இடங்களே. ஆனால் குழி இருக்கும் கிரீனில் பெய்யும் அதே மழைதான் பக்கத்து ஃபேர்வே புல்வெளியிலும் பெய்கிறது. அங்கே புல் ஓங்கி அடர்ந்து நிற்பதால் பாசிக்கு இடம் கிடைப்பது அரிது. கிரீனிலோ புல்லை ஏறத்தாழ 3 மி.மீ. அளவுக்கு ஒட்ட வெட்டுகிறார்கள். பந்து விரைந்து உருள வேண்டுமென்று தழைச்சத்தையும் குறைக்கிறார்கள். மெலிந்த புல்லின் இடைவெளிகளில் வெள்ளிப்பாசி குடியேறிவிடுகிறது. இடவப்பாதி, துலாமழை என இரு பருவமழைகளும் நனைக்கும் குமரி மாவட்டத் தோவாளையில் நெல் விவசாயிக்கு இதை விளக்க வேண்டாம்: பயிர் அடைத்து நின்றால் களை ஒடுங்கும்.

வேகத்தின் மீதான இந்த மோகம் பழையதல்ல. சரிவாகப் பிடித்த கோலிலிருந்து பந்தை உருளவிட்டு, எத்தனை அடி ஓடுகிறது என்று அளக்கும் கருவியை எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935-இல் உருவாக்கினார். 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதைத் திருத்திப் பராமரிப்பாளர்களிடம் கொடுத்தது. அப்போது அளந்த கிரீன்களின் சராசரி சுமார் 6.5 அடி; இன்று 10 அடி என்பது சாதாரண எதிர்பார்ப்பு. ஒரே மைதானத்தின் கிரீன்கள் சமமாக ஓடுகின்றனவா என்று பார்க்கத் தந்த கருவி, கிளப்புகள் பெருமையடிக்கும் மீட்டராகிவிட்டது!

பாசிக்கு மருந்து தெளித்தால் தீராதா என்பார்கள். பாதரசம் கலந்த பூஞ்சைக்கொல்லிகள் ஒரு காலத்தில் பாசியையும் அடக்கின. நஞ்சு என்பதால் அமெரிக்காவில் அவை 1990-களில் விலக்கப்பட்டன. இரும்பு சல்பேட் பாசியைக் கருக்கும். ஆனால் வேரில்லாத இந்தச் செடி துணுக்குகளிலிருந்தே மீண்டும் தழைக்கும். வெட்டும் இயந்திரமும் காலணியும் அத்துணுக்குகளை அடுத்த கிரீனுக்குச் சுமந்து செல்லும். காலியான இடத்தைப் புல் மூடாவிட்டால் தெளித்த மருந்து வீண். புல் மூட வேண்டுமானால் தழைச்சத்தைச் சிறுகச் சிறுகக் கொடுக்க வேண்டும், நிழல் தரும் கிளைகளைக் கழிக்க வேண்டும், நீர் தேங்காமல் மணல் தூவ வேண்டும், வெட்டும் உயரத்தைச் சற்றே ஏற்ற வேண்டும்.

உயரம் ஏறினால் வேகம் போய்விடும் என்ற மறுப்பில் உண்மை உண்டு. அதில் ஒரு பகுதியை ரோலர் ஓட்டி மீட்கலாம். எஞ்சிய இழப்பையும் பாசித் திட்டில் பட்டு விலகும் பந்தையும் ஒப்பிட்டால், கையில் மட்டையோடு நிற்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? போட்டி வாரத்தில் வேண்டுமானால் பிளேடை இறக்கிக்கொள்ளட்டும். மழை மாதங்களில் அது வேண்டாம்.