சித்திலெப்பையின் எழுத்தும் கண்டிப் பெண் பள்ளியும்: ஒரு மதிப்பீடு

ஈழத்துத் தமிழ் நாவலின் தோற்றம் பற்றிய ஆய்வுகளில் அறிஞர் எம். சி. சித்திலெப்பையின் பெயர் தவறாது இடம்பெறும். 1885ஆம் ஆண்டு வெளிவந்த அவரது ‘அசன்பே சரித்திரம்’ ஈழத்தின் முதற் தமிழ் நாவலாகப் பலராலும் கொள்ளப்படுகின்றது. பத்திரிகை வரலாற்றை எழுதுவோர் 1882இல் அவர் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ பற்றிப் பேசுவர். கல்வி வரலாற்றை எழுதுவோர் 1884இல் கொழும்பில் ஆரம்பிக்கப்பட்ட மதுரசாவையும், 1892இல் உருவான ஸாஹிறாக் கல்லூரியையும் குறிப்பிடுவர். ஆயின், 1891ஆம் ஆண்டளவில் கண்டி திருகோணமலை வீதியில் அவர் முஸ்லிம் சிறுமியருக்கென ஒரு பள்ளியைத் திறந்தார் என்னும் செய்தி கல்வி வரலாற்றில் ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகின்றது. இலக்கிய வரலாற்றில் அதற்கு இடமே கிடைப்பதில்லை. பள்ளி வேறு, படைப்பு வேறு என்று பிரித்து நோக்கும் மரபே இதற்குக் காரணம். இப்பிரிவினை சித்திலெப்பையைப் பொறுத்தவரை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சமுதாயப் பின்னணி

சித்திலெப்பை 1838ஆம் ஆண்டு கண்டியிற் பிறந்து 1898ஆம் ஆண்டு மறைந்தவர். தந்தையாரைப் போன்றே சட்டத் தொழில் புரிந்தவர். அரபு, தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளிற் பயிற்சி மிக்கவர். அவர் வாழ்ந்த காலத்து மலைநாடு விரைந்து மாறிக்கொண்டிருந்தது. 1867இல் கண்டியை எட்டிய புகையிரதப் பாதை 1874இல் நாவலப்பிட்டியை அடைந்தது. கோப்பித் தோட்டங்கள் இலைநோயால் அழிய, அவற்றின் இடத்தைத் தேயிலை பிடித்தது. கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி முதலிய நகரங்களின் கடைவீதிகளில் முஸ்லிம் வர்த்தகர்கள் நிலைபெற்றிருந்தனர். கொள்வனவும் விற்பனவும் பெருகிய அக்காலத்தில் கடையை நடத்தக் கணக்கும் கையெழுத்தும் போதும் என்னும் எண்ணமே அவர்களிடையே மேலோங்கியிருந்தது. ஆண் பிள்ளைகளின் படிப்பே கடைப் பலகையோடு முடிந்துவிடும் நிலையிற் பெண் பிள்ளைகளின் படிப்பு ஒரு பிரச்சினையாகக்கூட எழவில்லை.

இந்நிலைக்கு அறியாமையை மட்டும் காரணமாகக் கூறுவது நேர்மையான ஆய்வாகாது. அந்நாளில் ஆங்கிலக் கல்வியின் வாயில் பெரும்பாலும் மிஷனரிமாரின் கையில் இருந்தது. பள்ளிக்குச் செல்லும் பிள்ளை மதம் மாறித் திரும்பும் என்ற அச்சம் முஸ்லிம்களிடையே ஆழமாகப் பதிந்திருந்தது. சைவரும் பௌத்தரும் அதே அச்சத்தை வெவ்வேறு வகைகளில் அனுபவித்தவர்களே. பெண்களைப் பொறுத்தவரை இவ்வச்சத்தோடு, பருவமெய்திய பெண் வீட்டு வாயிலைத் தாண்டலாகாது என்னும் வழக்கமும் சேர்ந்துகொண்டது.

எனினும், அக்காலத்து முஸ்லிம் பெண்கள் எழுத்தே அறியாதவர்கள் என்று முடிவு செய்வதும் தவறு. குர்ஆனை ஓதக் கற்ற பெண்கள் பலர் இருந்தனர். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் வாயிலாக மார்க்க நூல்களைப் படித்தவர்களும் இருந்தனர். இவ்வெழுத்தறிவு வீட்டுக்குள்ளே பெறப்பட்டு வீட்டுக்குள்ளேயே அடங்கிய ஒன்று. பத்திரிகையும் புதிய உரைநடையும் வந்து சேர்ந்த தமிழ் எழுத்தின் உலகம் அவர்களுக்குப் புறத்தே கிடந்தது. எனவே சித்திலெப்பை எதிர்கொண்ட பிரச்சினை, இருந்த எழுத்தறிவை எவ்வாறு வெளியுலகோடு இணைப்பது என்பதேயாகும்.

நாவலும் அதன் வாசகரும்

‘அசன்பே சரித்திரம்’ எகிப்தியப் பிரபு ஒருவரின் மகன் குழந்தைப் பருவத்திற் கவரப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, கல்வியாலும் நற்குணத்தாலும் உயர்ந்து, மீண்டும் தன் குடும்பத்தையும் நாட்டையும் அடையும் கதை. ஈழம் இந்நாவலின் களமன்று. இதனைக் கொண்டு இதனை ஈழத்து நாவல் எனக் கொள்ளலாமா என்ற வினா எழுப்பப்பட்டதுண்டு. ஆனால் அவ்வாறாயின், தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’யும் (1895) தமிழகத்து நாயக்கர் கால வரலாற்றையே களமாகக் கொண்டது என்பதை மறக்கலாகாது. தொடக்ககால நாவலாசிரியர் தம் காலத்துத் தெருவையும் வீட்டையும் கதைப்பொருளாகக் கருதும் நிலையை இன்னும் எட்டவில்லை. மேலும் சித்திலெப்பை எகிப்தைத் தெரிந்தெடுத்தமைக்குத் தகுந்த காரணமும் உண்டு. 1882இல் எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோல்வியுற்ற அராபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். சித்திலெப்பையின் கல்வி முயற்சிகளுக்கு அவர் பெருந்துணையாக நின்றார். எகிப்து அன்றைய முஸ்லிம் வாசகருக்குத் தொலைதூரக் கற்பனைப் பிரதேசமாக இருக்கவில்லை. கண்முன்னே நடமாடும் செய்தியாக இருந்தது.

களம் பற்றிய விவாதத்தினும் முக்கியமான கேள்வி வேறொன்று உண்டு. இந்நாவல் யாருக்காக எழுதப்பட்டது? கல்வியே மனிதனை உயர்த்தும் என்பது நாவலின் அடிநாதம். கதாநாயகன் கற்கின்றான், பயணம் செய்கின்றான், உயர்கின்றான். அவன் செல்லும் வழி ஆண்மகனுக்கே திறந்திருந்த வழி. கண்டியிற் பருவமெய்தியபின் வீட்டுக்குள் இருத்தப்பட்ட ஒரு சிறுமிக்கு அந்நூல் எட்டுவதற்கே வழியில்லை. எட்டினாலும் அவ்வாழ்க்கை அவளுக்குரியதாகத் தோன்றியிராது. நாவல் பேசும் உண்மைக்கும் அதன் சமுதாயத்தின் சரிபாதியினரின் நிலைக்கும் இடையே பெரும் பள்ளம் இருந்தது.

இங்கே தமிழின் முதல் நாவலாசிரியரான மாயவரம் வேதநாயகம்பிள்ளையை ஒப்பிட்டு நோக்குவது பயன்தரும். இருவரும் நீதிமன்றத்தோடு தொடர்புடையவர்கள். இருவரும் புதிய உரைநடையைச் சமுதாயச் சீர்திருத்தத்துக்குக் கருவியாகக் கொண்டவர்கள். வேதநாயகம்பிள்ளை 1869இல் ‘பெண்மதி மாலை’யும் 1870இல் ‘பெண்கல்வி’யும் வெளியிட்ட பின்னரே 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை வெளியிட்டார். பெண்கல்விக்கான வாதம் முதலில் வந்தது. அவ்வாதத்துக்கு உடல் கொடுக்கும் பாத்திரமாக ஞானாம்பாள் பின்னர் வந்தாள். ஆண் வேடம் பூண்டு நாடாளும் அளவுக்கு அவளை உயர்த்தியமை நம்பத்தக்கதா என்பது வேறு விடயம். கற்ற பெண் ஒருத்தியைத் தமிழ் வாசகன் கதையிலே சந்தித்துவிட்டான் என்பதே சிறப்பு. சித்திலெப்பையின் முறை இதற்கு நேர்மாறானது. நாவல் 1885இல் வந்தது. பெண் பள்ளி அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. நாவலின் மையத்தில் இடம்பெறாத பெண்ணை அவர் பள்ளியின் மையத்தில் நிறுத்தினார். நாவலில் விடுபட்ட அத்தியாயம் பள்ளியிலேதான் எழுதப்பட்டது எனலாம்.

பள்ளி

கட்டுப்பாடுகள் மிக்க சமுதாயத்திற் பெண் பள்ளி தொடங்குவோர் அனைவரும் ஒரே முடிச்சை அவிழ்க்கவேண்டியிருந்தது. ஆண் ஆசிரியரிடம் பெண் பிள்ளையை அனுப்பப் பெற்றோர் இணங்கார். பெண் ஆசிரியர் வேண்டுமாயின் படித்த பெண் வேண்டும். படித்த பெண் வேண்டுமாயின் முதலிற் பள்ளி வேண்டும். இச்சுழலை உடைக்கப் பணமோ சட்டமோ போதாது. ஏதேனும் ஒரு குடும்பம் தன் பெண்ணை முன்னே அனுப்பத் துணிதல் வேண்டும்.

சித்திலெப்பை தம் உடன்பிறந்தவரான முத்து நாச்சியா உம்மாவிடம் பள்ளியின் பொறுப்பை ஒப்படைத்தார். இச்செயலின் பொருளை எவ்வளவு வற்புறுத்தினும் தகும். ஊராருக்கு உபதேசம் செய்து தம் வீட்டுப் பெண்களை மறைவில் வைத்த சீர்திருத்தவாதிகள் எந்தச் சமூகத்திலும் குறைவில்லை. இவரோ முதலில் தம் வீட்டு வாயிலையே திறந்தார். முத்து நாச்சியா கற்பிக்கக்கூடியவராக இருந்தமையே அக்குடும்பத்திற் பெண்கல்வி முன்னரே வேரூன்றியிருந்ததைக் காட்டும். ஊராரின் வசையை முதலில் தாங்கவேண்டியவர் பத்திரிகையில் எழுதும் ஆடவர் அல்லர். தெருவில் இறங்கிப் பள்ளிக்குச் செல்லும் பெண்ணே. ஆதலால், முயற்சியின் பாதிப் பங்கு முத்து நாச்சியாவுக்கு உரியது. அவர் எழுதிய நூல் எதுவும் பேசப்படவில்லை என்பதனால் இலக்கிய வரலாற்றில் அவருக்கு இடமில்லை என்று கொள்வது, வாசகர் எங்கிருந்து தோன்றுகின்றனர் என்னும் வினாவையே மறந்துவிடுவதாகும்.

இருபது ஆண்டுகள் கழித்து வங்காளத்தில் றொக்கையா சகாவத் ஹுசைன் இதே முடிச்சை அவிழ்க்க முனைந்ததை இங்கு நினைவுகூரலாம். தமையனிடம் வீட்டிலே கற்ற அவர், 1905இல் ஆடவர் வீட்டுக்குள் இருக்கப் பெண்கள் நாடாளும் கற்பனை உலகொன்றைக் கதையாக எழுதினார். 1911இற் கல்கத்தாவில் முஸ்லிம் சிறுமியருக்குப் பள்ளி நடத்தினார். கதையில் அத்தனை துணிச்சல் காட்டியவர், பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவரத் திரையிட்ட வண்டிகளையே பயன்படுத்த நேர்ந்தது. எழுத்துக்கு உள்ள சுதந்திரம் பள்ளிக்கு இல்லை. பள்ளி ஒவ்வொரு நாளும் பெற்றோரின் சம்மதத்தைப் பெற்றாக வேண்டும். இவ்வுண்மையை மனங்கொண்டே சித்திலெப்பையின் பணியையும் அளவிடுதல் தகும்.

எல்லைகள்

சித்திலெப்பையின் சிந்தனை எல்லைகளுக்கு உட்பட்டதே. பெண்கல்விக்கு அவர் மார்க்கத்தின் அடிப்படையிலேயே நியாயம் தேடினார். கல்வி தேடுதல் மார்க்கக் கடமை என்னும்போது, வழக்கத்தின் பெயரால் எழும் எதிர்ப்பை மார்க்கத்தின் பெயராலேயே மறுக்க முடிந்தது. இது சாதுரியமான வாதம். அக்காலத்தில் எடுபடக்கூடிய ஒரே வாதமும் அதுவே. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள் எல்லோரையும் போலவே, கற்ற பெண் நல்ல தாயாகவும் நல்ல இல்லாளாகவும் விளங்குவாள் என்னும் பயனை ஒட்டியே இவ்வாதம் வளர்ந்தது. வேதநாயகம்பிள்ளையின் நிலையும் இதுவேயாகும். பெண் தனக்காகக் கற்கலாம் என்னும் கருத்து இருவரிடத்தும் முழுமை பெறவில்லை. தாய்மையின் பெயராற் பெறப்பட்ட கல்வியைத் தாய்மையின் பெயராலேயே நிறுத்தவும் முடியும்: வீட்டுக்கு வேண்டிய அளவு படித்துவிட்டாள், இனிப் போதும் என்று எந்தத் தந்தையும் கூறலாம்.

இரண்டாவது எல்லை வர்க்கம் சார்ந்தது. திருகோணமலை வீதிப் பள்ளி நகரத்துப் பள்ளி. கண்டியிலிருந்து புகையிரதத்தில் நாவலப்பிட்டிக்குச் சென்று, அங்கிருந்து மலையேறினால் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கிவிடும். அங்கு லயத்து அறைகளில் வாழ்ந்த தமிழ்ச் சிறுமிக்குத் தெருவில் இறங்கத் தடையில்லை. விடியற்காலையில் அவள் வெளியே போயே தீரவேண்டும். தாய் கொழுந்து பறிக்கப் போனால் கைக்குழந்தையை அவள் சுமக்கவேண்டும். சிறிது வளர்ந்ததும் கூடையை அவளே சுமக்கவேண்டும். நகரத்துச் சிறுமியைப் பள்ளியிலிருந்து விலக்கியது மறைவு. தோட்டத்துச் சிறுமியை விலக்கியது உழைப்பு. 1907ஆம் ஆண்டுச் சட்டமும் 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தோட்டங்களிற் பள்ளிகளுக்கு வழிசெய்தனவாயினும், பல இடங்களில் அவை ஓர் ஆசிரியரும் ஒரு கொட்டகையுமாகவே நின்றன. 1945இல் நாட்டுக்குக் கிடைத்த இலவசக் கல்வியின் முழுப் பயனும் தோட்டங்களை எட்டவில்லை. தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பேற்பதற்கு 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கண்டியில் எழுந்த வாதம் நாவலப்பிட்டிக்கு அப்பால் ஏறவில்லை என்று இதனைக் கூறலாம். இதற்குச் சித்திலெப்பை ஒருவரைக் குறைகூறுவதில் நியாயமில்லை. எனினும், சமய அடிப்படையில் எழுந்த சீர்திருத்தங்கள் தத்தம் சமூகத்தின் எல்லையோடு நின்றுவிட்டன என்னும் உண்மையை மறைத்தலும் கூடாது.

முடிவு

யாழ்ப்பாணத்தில் உடுவில் மகளிர் பள்ளி தோன்றிய ஆண்டு 1824. ஈழத்துப் பெண் ஒருவர் எழுதிய முதல் நாவலாகக் கொள்ளப்படும் மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’ வெளிவந்த ஆண்டு 1914. இடையிற் கழிந்தவை தொண்ணூறு ஆண்டுகள். பள்ளி திறந்த மறுநாளே எழுத்தாளர் தோன்றுவதில்லை. முதல் தலைமுறை எழுத்தை அறிகின்றது. அடுத்த தலைமுறை வாசிக்கின்றது. அதற்கடுத்த தலைமுறையே எழுதத் துணிகின்றது. இவ்வளவுகோலால் நோக்கின், கண்டிப் பள்ளியின் விளைவைச் சித்திலெப்பையின் ஆயுட்காலத்துக்குள் தேடுவது வீண். கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி 1946இல் தோன்றியமையும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முஸ்லிம் பெண்கள் கவிதையிலும் சிறுகதையிலும் தமக்கெனக் குரல் கொண்டமையும் அத்தொடரின் பிந்திய கண்ணிகள்.

ஆகவே ‘முதல் நாவலாசிரியர்’ என்னும் பட்டம் சித்திலெப்பைக்கு முழுமையாகப் பொருந்தும் புகழன்று. முதல் நூல் எது என்னும் வழக்கு ஆதாரங்கள் கிடைக்குந்தோறும் மாறக்கூடியது. நூல் எழுதியதோடு நில்லாது, அந்நூலைப் படிக்க உரிமை பெறாதிருந்தோரைப் படிக்க வைக்கவும் முனைந்தமையே அவரது தனிச்சிறப்பு. ஈழத்துத் தமிழ் உரைநடையின் வரலாறு அச்சகத்தை மட்டுமன்றி வகுப்பறையையும் கணக்கிற் கொண்டு மீண்டும் எழுதப்படுதல் வேண்டும். அவ்வாறு எழுதப்படும்போது ‘அசன்பே சரித்திர’த்தின் ஆசிரியர் பெயருக்கு அருகே, அடுத்த தலைமுறை வாசகியருக்கு எழுத்தறிவித்த முத்து நாச்சியாவின் பெயரும் இடம்பெறுதலே முறையாகும். நாவலப்பிட்டிக்கு அப்பால் விடுபட்டவர்களின் கணக்கும் அவ்வரலாற்றிலேயே எழுதப்படல் வேண்டும்.